மீட்டர் என் கையில் இருந்தது

சென்னையில் ஒரு பெரிய அரங்கில் என் கொழுந்தனுக்கு விருது கொடுத்தார்கள். கம்ப்யூட்டர் பாகங்களைச் சோதித்துப் பார்த்துத் தமிழில் சொல்லும் சேனல்களில் அவனுடையதுதான் நம்பகமானதாம். நிகழ்ச்சி நேரலையில் ஓடியது. விருத்தாசலத்தில் எங்கள் வீட்டு அடுப்படியில், புளி ஜாடி மேல் போனைச் சாய்த்து வைத்துவிட்டு நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். மாமி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தஸ்பீஹ் மணியை உருட்டியபடியே மேடையில் நிற்கும் மகனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடையில் இருந்த பெண் கேட்டாள்: "எல்லா கிராபிக்ஸ் கார்டையும் இவ்ளோ துல்லியமா அளந்து சொல்றீங்களே, உங்க டீம்ல எத்தன பேரு?"

அவன் மைக்கை வாங்கிக்கொண்டு சிரித்தான். "டீமா? நான் ஒத்த ஆளுதான் மேடம். வூட்ல எங்க அம்மாவும் அண்ணியும் இருக்காங்க. அண்ணிக்கு ரிமோட்டுல பேட்டரி மாத்துறதே பெரிய வேலை."

அரங்கம் சிரித்தது. மாமியும் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். நான் மீனைக் கழுவிக்கொண்டே இருந்தேன். கழுவிய துண்டுகளையே மறுபடியும் எடுத்துக் கழுவுகிறேன் என்பது மாமி எழுந்து வந்து குழாயை மூடியபோதுதான் எனக்குத் தெரிந்தது.

அந்த விருதை வாங்கிக் கொடுத்த சோதனைகளில் ஒன்றைக்கூட அவன் செய்யவில்லை. எல்லாவற்றையும் செய்தவள் நான்.

நான் பிறந்த ஊர் கருவேப்பிலங்குறிச்சி. கம்ப்யூட்டரில் டிப்ளமோ படித்திருந்தேன். கல்யாணம் ஆகி இந்த வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில் என் வீட்டுக்காரர் குவைத்துக்குத் திரும்பிவிட்டார். அங்கே ஒரு பெரிய கட்டிடத்தில் ஏ.சி. மெஷின்களைப் பராமரிக்கும் வேலை அவருக்கு. மாமா இறந்து பல வருடம். வீட்டில் மாமியும் நானும், இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த கொழுந்தனும்தான். அவனுக்கு வாய் நன்றாக வரும். எனக்குக் கை நன்றாக வரும். சேனல் ஆரம்பித்தது இந்த இரண்டையும் சேர்த்துத்தான்.

கம்ப்யூட்டரில் விளையாட்டுகளையும் முப்பரிமாணப் படங்களையும் திரையில் வரைந்து காட்டும் பாகத்துக்குத்தான் கிராபிக்ஸ் கார்டு என்று பெயர். ஒரு செங்கல் அளவுக்குப் பெரிதாக இருக்கும். அதன் வேகத்தைக் கிளாக் என்று சொல்வார்கள். கிளாக் ஏற ஏற கார்டு கரண்டை அதிகமாக இழுக்கும், அதிகமாகச் சூடாகும். பெட்டியில் அச்சடித்திருக்கும் வேகத்தைப் படித்துக் காட்டிவிட்டு "சூப்பர் கார்டு மக்களே" என்று முடித்துக்கொள்ளும் சேனல்கள் நிறைய இருந்தன. நான் அப்படி விடவில்லை. சுவர் பிளக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் சொருகும் ஒரு கரண்ட் மீட்டரை ஆன்லைனில் வாங்கினேன். ஹாலில் மேசை போட்டு, மாமி கட்டிலில் படுத்துக்கொண்டு பார்த்திருக்க, ஒவ்வொரு கார்டையும் காலையில் ஒரு முறை, உச்சி வெயிலில் ஒரு முறை ஓட்டிப் பார்ப்பேன். சித்திரை மாதத்தில் எங்கள் ஊர் ஹாலில் ஓடாத கார்டு எதுவும் என்னைப் பொறுத்தவரை நல்ல கார்டு இல்லை.

அப்படிப் பார்த்தபோதுதான் ஒன்று பிடிபட்டது. கார்டு பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தைத் தொடுவது குளிர்ச்சியாக இருக்கும் முதல் சில நிமிடங்கள்தான். சூடேறியதும் கிளாக் தானாக இறங்கிவிடும். இன்னொன்று, அந்தக் கடைசிக் கொஞ்சம் வேகத்துக்காகத்தான் கார்டு கண்டபடி கரண்ட் குடிக்கிறது. அதற்குப் போகும் வோல்டேஜைச் சற்றே குறைத்துவிட்டால் விளையாட்டில் வித்தியாசமே தெரியாது. ஆனால் மீட்டரில் கரண்ட் இழுக்கும் அளவான வாட் சட்டென்று குறையும், ஃபேன் சத்தமும் அடங்கும். வெயில் ஊர்க்காரர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? நான் எழுதிக் கொடுத்ததை அவன் கேமரா முன்னால் உட்கார்ந்து அழகாகச் சொன்னான். அந்த வீடியோதான் சேனலைத் தூக்கிவிட்டது. பாண்டிச்சேரியிலிருந்தும் சென்னையிலிருந்தும் கடைக்காரர்கள் சோதனைக்குக் கார்டு அனுப்பத் தொடங்கினார்கள்.

"நான் அளந்து பார்த்தேன்" என்றுதான் ஒவ்வொரு வீடியோவிலும் அவன் சொல்வான். அப்போது அது எனக்கு உறுத்தவில்லை. எனக்குக் கேமரா முன்னால் வரப் பிடிக்காது, வேலை பிடிக்கும். ஒரே வீட்டுச் சேனல்தானே என்றிருந்தேன்.

விருதோடு அவன் ஊருக்கு வந்த அன்று பிற்பகல், சாப்பிட்டு முடித்துக் கை கழுவியவனிடம் நேராகவே கேட்டேன்.

"மேடையில ஏன் தம்பி அப்படிச் சொன்னீங்க?"

"எதை அண்ணி?"

"ரிமோட்டு, பேட்டரி."

"அய்யோ, அது ஒரு காமெடிக்குச் சொன்னது. நீங்க வேற."

"காமெடிக்குக் கூட நான் அளக்கறேன்னு ஒரு வார்த்த வரலியே?"

அவன் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "அளக்கறது என்னா அண்ணி பெரிய விஷயம்? மீட்டர சொருவுனா நம்பர் தெரியப் போவுது. அத மக்களுக்குப் புரியற மாரி பேசறதுதான் கஷ்டம்."

என் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். அவர் பெரிதாக மூச்சு விட்டார். "அவன் சின்னப் புள்ளத்தனமாப் பேசிட்டான். வுடும்மா. குடும்பத்துக்குள்ள இதெல்லாம் பெருசு பண்ணலாமா?"

பெரிதுபண்ணவில்லை. மறுநாள் காலையில் மேசையிலிருந்து மீட்டரை மட்டும் கழற்றி எடுத்து என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். "இனிமே நீங்களே அளந்துக்குங்க தம்பி," என்றேன். அவன் தோளைக் குலுக்கிக்கொண்டு மேசையையும் கம்ப்யூட்டரையும் மாடி அறைக்கு மாற்றிக்கொண்டான்.

நான் இல்லாவிட்டால் சேனல் படுத்துவிடும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டிருந்தேன். நடந்தது நேர்மாறு. அந்தச் சமயத்தில் அடுத்த தலைமுறை கார்டுகள் வரப்போகின்றன என்று உலகம் முழுக்க வதந்தி கிளம்பியிருந்தது. வராத கார்டை யாரும் அளக்க முடியாது. அதனால் அளக்கத் தெரியாதவனுக்கு அது பொற்காலமாகிவிட்டது. "இப்ப இருக்கிற கார்டு இழுக்கற கரண்டுல பாதிதான் மக்களே! ஆனா ரெண்டு மடங்கு வேகம்! யாரும் இப்ப கார்டு வாங்காதீங்க, காத்திருங்க!" என்று அவன் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். வாரத்துக்கு ஒரு புதுப் புரளி. பார்ப்பவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். கடைத்தெருவில் எங்கே போனாலும், "உங்க வூட்டுத் தம்பி பெரிய அறிவாளிம்மா" என்றார்கள். நான் தலையாட்டிவிட்டுக் கொத்தமல்லிக் கட்டை வாங்கிக்கொண்டு வருவேன். வரும் வழியெல்லாம் அவன் விழுவதைக் கற்பனை செய்துகொண்டே நடப்பேன். மேடையில், அதே மாதிரி மைக் பிடித்துக்கொண்டு, அதே மாதிரி கூட்டத்துக்கு முன்னால்.

ஆத்திரம் வந்தால் எனக்கு அழுகை வராது. வேலை செய்யத் தோன்றும்.

எங்கள் ஊர் பீங்கான் தொழிற்பேட்டையில் பொம்மையும் காபிக் கோப்பையும் செய்யும் ஒரு பட்டறையில், உருவங்களைக் கம்ப்யூட்டரில் வரைந்து தர ஆள் தேடினார்கள். களிமண்ணை அச்சில் ஊற்றுவதற்கு முன்பே, பொம்மை எப்படி வரும், மேல்பூச்சு எப்படிப் பளபளக்கும் என்று வெளியூர் வியாபாரிகளுக்குப் படம் அனுப்ப வேண்டும். அந்த வேலைக்கு நான் சேர்ந்தேன். முதலாளியம்மா அதற்காக நல்ல கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டிருந்தார். அதில் இருந்தது, நான் ஒதுங்கிய பிறகு என் கொழுந்தன் தன் வீடியோக்களில் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய அதே கார்டு.

"மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல இந்த மிஷின வச்சு கொஞ்சம் சோதனை பண்ணிக்கவாங்க?" என்று கேட்டேன்.

"மிஷினு கெடாம இருந்தா செரி. என்னா வேணா பண்ணிக்கோ," என்றார் அவர்.

பீரோவிலிருந்து மீட்டரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

என் சேனலில் முகம் கிடையாது, குரல் கிடையாது. மீட்டர், திரை, பட்டறையில் பீங்கான் சாமான் எடுக்கப் போட்டுக்கொள்ளும் துணிக் கையுறைக்குள் ஒரு கை, கீழே எழுத்து. அவ்வளவுதான். முதல் வீடியோவில் அவன் சொன்ன கிளாக் வேகத்தை எடுத்துக்கொண்டேன். "இந்த கார்டு இவ்ளோ வேகத்துல ஓடும், நானே அளந்தேன்" என்று அவன் பேசிய துண்டை முதலில் போட்டேன். அடுத்து அதே கார்டைப் பட்டறையின் மதிய வெக்கையில் ஓட்டிக் காட்டினேன். சொன்ன வேகத்தில் ஆரம்பித்தது, சூடேறியது, இறங்கியது, இறங்கிய இடத்திலேயே நின்றுவிட்டது. கடைசியில் ஒரே ஒரு வரி எழுதினேன்: "அளந்தவர் எந்த ஊரில் உட்கார்ந்து அளந்தார்?"

நாலு பேர் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். அவனைப் பிடிக்காத மற்ற சேனல்காரர்கள் அதை எடுத்துப் பரப்பிவிட்டார்கள்.

அன்று ராத்திரி சாப்பாட்டில் அவன் தட்டைத் தொடவே இல்லை. போனைப் பார்த்தபடியே பொருமிக்கொண்டிருந்தான். "எவனோ பொறாம புடிச்சவன்மா. மூஞ்சியக் காட்டத் தைரியம் இல்ல. கைய மட்டும் காட்றான்."

"யாரு ராஜா அது?" என்றார் மாமி.

"தெரியல. கோயம்புத்தூர்க்காரனா இருக்கும். அங்கதான் இந்த மாரி ஆளுங்க இருக்கானுங்க."

"கொஞ்சம் கொழம்பு வுடட்டுமா தம்பி?" என்று கேட்டேன். அவன் தட்டை நீட்டினான். ஊற்றினேன். கல்யாணத்துக்குப் பிறகு அந்த வீட்டில் நான் ருசித்துச் சாப்பிட்ட முதல் சாப்பாடு அது என்று சொன்னால் மிகையில்லை.

அதற்குப் பிறகு அவன் எதைச் சொன்னாலும் நான் விடவில்லை. அடுத்த தலைமுறை பாதிக் கரண்டில் ஓடும் என்றான். நான் பழைய மூன்று தலைமுறைக் கார்டுகளின் அளவுகளை வரிசையாக வைத்துக் காட்டினேன். ஒவ்வொன்றும் முந்தியதைவிட வேகம்தான், ஆனால் ஒவ்வொன்றும் முந்தியதைவிட அதிகமாகத்தான் இழுத்தது. ரெண்டு மடங்கு வேகம் என்றான். உண்மையாக வரைந்த படங்களுக்கு நடுவில் கார்டு தானாக ஊகித்துப் படங்களைச் செருகி எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டும் வித்தையை நான் பிரித்துக் காட்டினேன். அந்த வித்தையை நிறுத்தினால் எவ்வளவு மிஞ்சும் என்று கேட்டேன். ஒவ்வொரு முறையும் வீட்டில் அவன் முகம் கறுப்பதைப் பக்கத்திலிருந்து பார்க்கும் பாக்கியம் எனக்கு மட்டும்தான் இருந்தது.

பிறகு அவன் ஒரு காரியம் செய்தான். என் அளவுகளைத் திருட ஆரம்பித்தான். நான் போடும் எண்களை இரண்டு நாள் கழித்து, "நான் அளந்து பார்த்தேன்" என்று தன் வாயால் சொன்னான். எந்தக் கையைத் திட்டினானோ அந்தக் கை அளந்த எண்களையே எடுத்து, அதே கை சமைத்ததையும் சாப்பிட்டுக்கொண்டு! முதலில் கொதித்துப்போனேன். ஒரு பொழுது கழித்துத்தான் இது எவ்வளவு நல்ல விஷயம் என்று புரிந்தது. எதைப் போட்டாலும் எடுப்பான். சரிபார்க்க அவனிடம் மீட்டர் இல்லை. புதிதாக ஒன்று வாங்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, பட்டறைக்கு விடுமுறை. அவன் ஜும்மாவுக்குப் போயிருந்தான். மாமி உள்ளறையில் தொழுதுகொண்டிருந்தார். நான் அடுப்படி பிளக்கில் மீட்டரைச் சொருகி, அதில் எங்கள் மிக்ஸியைச் சொருகினேன். தேங்காயும் பொட்டுக்கடலையும் பச்சை மிளகாயும் போட்டு ஓட்டினேன். மீட்டர் ஏறி ஐநூற்றுச் சொச்சத்தில் நின்றது. முழுவதையும் வீடியோ எடுத்துக்கொண்டேன். பிறகு மீட்டரின் எண் மட்டும் தெரிகிற மாதிரி ஒரு படத்தை வெட்டி என் சேனலில் போட்டு, கீழே ஒரு கேள்வி கேட்டேன்: "வரப்போகும் கார்டு இவ்வளவு இழுத்தால் உங்கள் கம்ப்யூட்டரின் பவர் சப்ளை தாங்குமா?" இது கார்டை அளந்தது என்று ஓர் எழுத்துக்கூட எழுதவில்லை.

மறுநாளே அவன் வீடியோ வந்துவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினான். இன்னும் வெளிவராத கார்டு ரகசியமாகத் தன் கைக்கு வந்ததாம். எங்கிருந்து வந்தது என்று சொன்னால் வழக்குப் போட்டுவிடுவார்களாம். தானே இரவு பகலாக அளந்தானாம். என் மீட்டர் படத்தையே எடுத்துப் போட்டு, ஓரங்களை மங்கலாக்கிக் காட்டினான். "ஐநூறு வாட் மக்களே! ஐநூறுக்கும் மேல!" பாதிக் கரண்ட் என்று சொன்னவன் அதைப் பற்றி மூச்சே விடவில்லை. வெளிநாட்டு ஆட்கள்கூட வந்து, அளவு எப்படிக் கிடைத்தது என்று ஆங்கிலத்தில் கேட்டிருந்தார்கள்.

அது நன்றாகப் பரவட்டும் என்று விட்டேன். எல்லோரும் பார்த்து முடித்தார்கள் என்று தெரிந்த பிறகு மிக்ஸி வீடியோ முழுவதையும் போட்டேன். மீட்டர், வயர், வயர் போய்ச் சேரும் மிக்ஸி, உள்ளே அரைபடும் தேங்காய்ச் சட்னி. தலைப்பு வேண்டியிருக்கவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மதியம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அவன் போன் விடாமல் அதிர்ந்துகொண்டே இருந்தது. எடுத்துப் பார்த்தான். பார்த்தபடியே இருந்தான். மிக்ஸி ஓடும் சத்தம் அந்தப் போனிலிருந்து வந்தது. மாமி எட்டிப் பார்த்தார்.

"என்னா ராஜா, சமையல் வீடியோவா பாக்குற?"

 மாமி போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். "இது நம்ம வூட்டு மிக்ஸி மாரியே இருக்குதே? நம்ம மூடி ஒடஞ்சதுக்கப்பறம் இப்படித்தானே எவர்சில்வர் தட்டு போட்டு மூடுறோம்? அட, நம்ம தட்டேதான். என் பேரு வெட்டியிருக்குது பாரு!"

கொழுந்தன் மெல்லத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அந்த நிமிஷத்துக்காக எத்தனை மதியங்கள் அந்த வெக்கையில் உட்கார்ந்திருந்தேன்!

"அண்ணி... நீங்களா?"

"ஆமாம் தம்பி."

"எல்லாமே நீங்கதானா? அந்தக் கை?"

"நான்தான்."

"ஏன் அண்ணி?"

"ரிமோட்டுல பேட்டரி மாத்தத் தெரியல. செரி, மிக்ஸியாவது ஓட்டலாம்னு பாத்தேன்."

அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். சாதம் தரையில் சிதறியது. "ஊரே என்னப் பாத்து சிரிக்குது அண்ணி! கமெண்ட்டுல எல்லாரும் மிக்ஸி மிக்ஸின்னு எழுதுறானுங்க!"

"அரங்கமே என்னப் பாத்து சிரிச்சிச்சு," என்றேன். "அப்ப நீங்களும் சேந்து சிரிச்சீங்க."

"அத எடுத்துடுங்க. இப்பவே எடுத்துடுங்க."

"எடுக்கறேன். மொதல்ல கேமரா முன்னால ஒக்காந்து, அளந்தது எங்க அண்ணின்னு சொல்லுங்க."

அவன் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். மாமி சிதறிய சாதத்தைக் கூட்டி அள்ளினார். நான் கூட்டுகிறேன் என்று துடைப்பத்தைக் கேட்டேன். தரவில்லை.

குவைத்திலிருந்து போன் வந்தது. என் வீட்டுக்காரர் முதல் முறையாக என்னிடம் குரலை உயர்த்தினார். "என் கூடப் பொறந்தவன இப்படியா அசிங்கப்படுத்துவ? எடுத்துடு அத."

"அவர் சொல்ல வேண்டியத சொல்லட்டும், எடுத்துடுறேங்க."

"உனக்கு இவ்ளோ வஞ்சம் இருக்கும்னு நான் நெனைக்கவே இல்ல."

"எனக்கும் இப்பத்தாங்க தெரியுது," என்றேன். அவர் போனை வைத்துவிட்டார். அடுத்த பல வாரங்கள் மாமியின் போனுக்குத்தான் பேசினார்.

அவன் அசையவில்லை. மிக்ஸி கேலி ஓயட்டும் என்று காத்திருந்தான். புது கார்டு நிஜமாகவே சந்தைக்கு வந்ததும், சென்னைக் கடைக்காரர் ஒருவரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒன்றை வாங்கி வந்தான். நேரலையில், எல்லோருக்கும் முன்னால், மறைக்காமல் சோதிக்கப்போவதாக அறிவித்தான். இழந்த பேரை ஒரே மாலையில் மீட்டுவிடலாம் என்று நம்பினான். இந்த முறை மீட்டர்கூட வாங்கியிருந்தான்.

சாயங்கால அசர் தொழுகை முடிந்த நேரம். நான் மொட்டை மாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். மாடி அறையின் ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே அவன் போன் கேமராவைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தான். கார்டின் கிளாக்கை உயர்த்தினான். கரண்ட் வரம்பைக் கடைசிவரைக்கும் தள்ளினான். "இப்ப பாருங்க மக்களே, அடுத்த தலைமுறைனா என்னான்னு!"

கம்ப்யூட்டருக்குள் இருந்த பவர் சப்ளை எங்கள் பழையதுதான். சுவரிலிருந்து வரும் கரண்டை வாங்கி எல்லாப் பாகங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி அது. பெரிய கார்டுகள் எப்போதும் ஒரே சீராக இழுக்காது. கண் இமைக்கும் நேரத்துக்கு திடீரென்று ஏறி இறங்கும். மீட்டர்கூட அதைக் காட்டாது. பழைய கார்டுக்கே அந்தப் பெட்டி விளிம்பில்தான் நின்றது. புது கார்டுக்கு அது தாங்காது என்று எனக்குத் தெரியும். கெடுதல் ஒன்றும் ஆகாது, தன்னைக் காத்துக்கொள்ள அது அணைந்துவிடும், அவ்வளவுதான். ஜன்னல் வழியாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் மாமியின் புடவையை உதறி மடித்தேன்.

டப்பென்று ஒரு சத்தம். ஃபேன் எல்லாம் நின்றது. திரை இருண்டது.

அவன் சிரித்துச் சமாளித்தான். "ஊர்ல கரண்ட் போயிடுச்சு மக்களே." தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. மறுபடியும் கம்ப்யூட்டரைப் போட்டான். மறுபடியும் ஓட்டினான். மறுபடியும் டப். கம்ப்யூட்டர் செத்தாலும் நேரலை சாகவில்லை. அது போனில் ஓடிக்கொண்டிருந்தது. கார்டைக் கழற்றி மாட்டினான். வயரைப் பிடுங்கிச் சொருகினான். மறுபடியும் அணைந்தது. வியர்வை வழிய நிமிர்ந்தவன் ஜன்னலில் என்னைப் பார்த்தான். பழக்கதோஷம்தான் என்று நினைக்கிறேன். இத்தனை வருடமும் எது கோளாறானாலும் அவன் வாயில் முதலில் வரும் வார்த்தை தன்னாலேயே வந்துவிட்டது.

"அண்ணி, என்னா ஆச்சு இதுக்கு?"

நான் துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்தேன். போனுக்குக் கேட்கிற மாதிரி தெளிவாகவே பேசினேன்.

"பவர் சப்ளை பத்தல தம்பி. பழைய கார்ட அளந்தப்பவே சொன்னேன், இதுக்கு மேல பெருசு வந்தா தாங்காதுன்னு. அளந்தது நான்தானே, நீங்க இல்லியே. எப்படி ஞாபகம் இருக்கும்?"

அவன் போனை அணைக்க ஓடினான். அதற்குள் கேட்க வேண்டியவர்கள் கேட்டுவிட்டார்கள். துணியை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.  

ஒரு மாதத்துக்குள் அவன் சேனலை அப்படியே விட்டுவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டான். ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் விளம்பரம் பேசும் வேலை. அதற்கு அவன்தான் சரியான ஆள், நான் மறுக்க மாட்டேன். போகும்போது மாமியிடம் சொல்லிக்கொண்டான். என்னிடம் சொல்லவில்லை. மாமி வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"நீ செயிச்சிட்ட," என்றார். "எம் புள்ள வூட்ட வுட்டுப் போயிட்டான்."

"நான் போவச் சொல்லலியே மாமி."

"நீ சொல்லல. ஆனா அவன் இருக்கற மாரி நீ வுடல."

அது உண்மைதான்.  ஆனாலும் எனக்கு வருத்தம் இல்லை. மாமி தனியாகச் சாப்பிடும்போது மட்டும் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் விடுமுறைக்கு வந்தபோது வீடியோவை எடுக்கச் சொல்லி மறுபடியும் கேட்டார். அவன் வாயால் சொல்லவில்லை, நான்தான் என் வாயால் சொல்லிக்கொண்டேன் என்றேன். மிக்ஸி இன்னும் அங்கேயேதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்போது என் சேனலில் நான் குரல் கொடுத்துப் பேசுகிறேன். பாண்டிச்சேரிக் கடைக்காரர் அந்தப் புது கார்டை எனக்கே அனுப்பினார். முதலாளியம்மாவின் அனுமதியோடு, பெரிய பவர் சப்ளை ஒன்றைப் போட்டு, பட்டறையில் வைத்து ஒரு வாரம் அளந்தேன். முழு வேகத்தில் அது கரண்டை வாரிக் குடித்தது. அதில் நான் சொன்னதுதான் சரி. ஆனால் கரண்ட் வரம்பைப் பழைய கார்டு இழுத்ததில் பாதியளவுக்குக் குறைத்து ஓட்டியபோது, பழைய கார்டு முழு மூச்சில் ஓடிய வேகத்தை அது அலட்டிக்கொள்ளாமல் தாண்டியது. மறுபடி ஓட்டினேன். உச்சி வெயிலில் ஓட்டினேன். அதே அளவுதான். ரெண்டு மடங்கு இல்லை. ஆனால் பாதிக் கரண்டில் பழையதைவிட வேகம். அவன் எந்த ஆதாரமும் இல்லாமல், வாய்க்கு வந்தபடி சொன்னதில் ஒரு பாதி உண்மையாகிவிட்டது.

அந்த முடிவை வெளியிடாமல் இருக்க முடியுமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். நான் பேசாமல் விட்டால் கேட்க ஆளில்லை. ஆனால் அளந்ததை மறைத்தால் அப்புறம் எனக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்? பல்லைக் கடித்துக்கொண்டு வெளியிட்டேன். கமெண்ட்டில் உடனே வந்துவிட்டார்கள்: "அப்ப அந்தத் தம்பி சொன்னது சரிதானா?"

அன்று சாயங்காலம் சென்னையிலிருந்து ஒரு செய்தி வந்தது. அவன் போன பிறகு எனக்கு அனுப்பிய முதல் செய்தி. "நான் அப்பவே சொன்னேன்ல அண்ணி."

போனை வைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து, "பாதிதான் தம்பி," என்று தட்டி அனுப்பினேன்.

அவன் விடவில்லை. அதற்கும் அடுத்த தலைமுறை கார்டு எப்படி இருக்கும் என்று கம்பெனி மேடையில் ஏறி இப்போதே பேச ஆரம்பித்துவிட்டான். மூன்று மடங்கு வேகமாம், மீட்டரே அசையாதாம். அந்தப் பேச்சை முழுசாக இறக்கி என் கம்ப்யூட்டரில் பத்திரமாக வைத்திருக்கிறேன். அந்த கார்டு வருவதற்கு இன்னும் காலம் கிடக்கிறது. எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.